துணிக்கு ஒரு வேலை கொடுங்கள்: இன்றைய அறை வடிவமைப்பில் துணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

இப்போது எந்த நிறம் ஓடுகிறது, நூல் வளையங்களால் ஆன பூக்ளே துணி இன்னும் இருக்கிறதா, வெல்வெட் போய்விட்டதா? அறையை மாற்ற நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நிறமும் நெசவும் வரும், போகும். உண்மையிலேயே மாறியிருப்பது துணி வந்து சேரும் வரிசை. முன்பெல்லாம் சுவர், தரை, மரச்சாமான் எல்லாம் முடிவான பிறகு, கையில் மிச்சமிருப்பதை வைத்துக் கடைசியாக வாங்குவது துணி. இன்று நல்ல வடிவமைப்பாளர்கள் பலர் துணியிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் இடத்தைப் பிரிப்பது, எதிரொலியை அடக்குவது, வெளிச்சத்தை வடிகட்டுவது, கை படும் இடத்தை இதமாக்குவது என்று அறையின் பாதி வேலையைத் துணியால் செய்ய முடியும், அதுவும் சுவரை இடிக்காமல்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1927இல் பெர்லினில் நடந்த ஒரு கண்காட்சியில் வடிவமைப்பாளர் லில்லி ரைக்கும் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவும் சேர்ந்து ஒரு காபிக் கூடத்தை அமைத்தார்கள். அதற்குள் தடுப்புச் சுவர் கிடையாது. உலோகக் குழாய்களிலிருந்து தொங்கிய வெல்வெட்டும் பட்டும்தான் இடத்தைப் பிரித்தன. ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் நெசவுக்கூடத்தில் படித்த ஆனி ஆல்பர்ஸ், 1930இல் தன் பட்டயப் படைப்பாக ஒரு சுவர்த்துணி நெய்தார், ஜெர்மனியின் பெர்னாவில் கட்டப்பட்ட தொழிற்சங்கப் பள்ளி ஒன்றின் அரங்கத்துக்காக. முன்பக்கம் செல்லோபேன் இழை, அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பின்பக்கம் புசுபுசுவென்ற செனில் நூல், அது சத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஒரே துணிக்கு இரண்டு பக்கம், இரண்டு வேலை. இன்று புதிய போக்கு என்று பேசப்படுவதில் பெரும்பகுதி அந்த நூலை விட்ட இடத்திலிருந்து பிடித்ததுதான், கூடவே புதிய இழைகளும் இயந்திரங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன.

கடைக்குப் போகும் முன்பு

ஒரு நாள் அறையில் சும்மா உட்காருங்கள். காலையில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, விளக்கு போட்ட பிறகு ஒரு முறை. வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, டிவி திரையில் எப்போது கண்ணைக் கூசுகிறது, எந்த நாற்காலியில் எல்லோரும் போய் உட்காருகிறார்கள், எதை யாரும் தொடுவதே இல்லை என்று பாருங்கள். நடு அறையில் நின்று பலமாக ஒரு முறை கைதட்டுங்கள். தட்டிய ஓசை அடங்கிய பிறகும் 'ணங்' என்று ஒரு மெல்லிய வால் இழுத்தால், அந்த அறைக்கு முதலில் தேவைப்படுவது சத்தத்தை வாங்கும் துணி. அழகான குஷன் எல்லாம் அப்புறம்.

பிறகு ஒரு தாளில் துணி வரப்போகும் ஒவ்வொரு இடத்தையும் எழுதி, பக்கத்தில் அதன் வேலையை எழுதுங்கள். ஜன்னல்: பகலில் வெளிச்சம் வர வேண்டும், வெளியிலிருந்து உள்ளே தெரியக் கூடாது. சோபா: தினமும் உரசல் தாங்க வேண்டும், கழற்றித் துவைக்க வேண்டும். ஒரு துணிக்கு ஒரு முதன்மை வேலைதான். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் ஒரே இடத்தில் வந்தால் இரண்டு அடுக்காகப் பிரித்துவிடுங்கள்: வெளிச்சத்தை வடிகட்ட ஒரு மெல்லிய திரை, இருட்டாக்க ஒரு கனமான திரை. எல்லாவற்றையும் ஒரே துணியில் எதிர்பார்த்தால் எதையும் உருப்படியாகச் செய்யாத துணிதான் கிடைக்கும்.

திரையைச் சுவராக்குவது

இன்றைய போக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் 1995இல் டோக்கியோவில் கட்டிய ஒரு வீட்டில், வெளிப்பக்கத்தில் இரண்டு மாடி உயரத்துக்குத் திரை தொங்குகிறது. அதை இழுத்தால் வீடு மூடும், விட்டால் திறக்கும். நெதர்லாந்தின் பெட்ரா பிளெஸ் பல பத்தாண்டுகளாக அரங்கங்களுக்கும் நூலகங்களுக்கும் திரைகளைக் கட்டடத்தின் ஓர் உறுப்பாகவே வடிவமைத்து வருகிறார். சின்ன வீட்டில் படுக்கையையும் வேலை மேசையையும் பிரிக்க, பலகைத் தடுப்பை விட உத்தரத்திலிருந்து தரை வரை தொங்கும் ஒரு திரை பல வகையில் மேல். வேண்டாதபோது ஓரமாகப் போய்விடும், காற்றை முழுக்க அடைக்காது, வீடு மாறினால் கழற்றிக்கொண்டும் போகலாம்.

எப்படிச் செய்வது? முதலில் டிராக், அதாவது திரை ஓடும் தடம். கம்பியை விட, உத்தரத்தில் நேரடியாகத் திருகும் அலுமினிய டிராக் நல்லது, ஏனென்றால் மேலே இடைவெளி தெரிந்தால் அது திரையாகத்தான் இருக்கும், சுவராக ஆகாது. கனமான துணி என்றால் திருகுகள் பூச்சில் மட்டும் நிற்காமல் கான்கிரீட்டிலோ மரச்சட்டத்திலோ இறங்க வேண்டும். அடுத்தது, பலரும் யோசிக்காமல் விடும் விஷயம்: திறந்திருக்கும்போது திரை எங்கே போய் நிற்கும்? கனமான துணி, லைனிங்கோடு சேர்ந்து ஒதுங்கும்போது ஒரு பெரிய மூட்டையாகிவிடும். அந்த மூட்டை கதவையோ ஸ்விட்சையோ மறைக்காத ஓர் ஓரத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். டிராக்கை அந்த ஓரத்தில் கொஞ்சம் நீட்டி வைத்தாலே போதும்.

இப்போது துணிக் கணக்கு. டிராக் 220 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு நன்றாக விழ, துணி அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும், அதாவது 440 செ.மீ. கையில் இருக்கும் துணியின் அகலம் 140 செ.மீ. என்றால் மூன்று அகலம் சேர்த்தால் 420, நான்கு சேர்த்தால் 560. மெல்லிய துணியாக இருந்தால் நான்கு எடுங்கள், மெல்லிய துணிக்கு இரண்டரை மடங்கு மடிப்பு அழகு. கனமான துணி என்றால் மூன்றே போதும். உயரம் 250 செ.மீ., மேலும் கீழும் மடித்துத் தைக்க 30 செ.மீ. கூட்டினால் ஒரு துண்டுக்கு 280. ஆக வெறும் துணி என்றால் மூன்று துண்டுக்கு 8.4 மீட்டர். ஆனால் துணியில் பெரிய பூவோ கட்டமோ இருந்து, அந்த வடிவம் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், ஒவ்வொரு துண்டும் அந்த வடிவத்தின் ஆரம்பத்தில்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் தையலில் பூ பாதியாக நிற்கும். 280க்கு நான்கு வடிவம் போதாது, ஐந்து வேண்டும், அதாவது துண்டுக்கு 320. மொத்தம் 9.6 மீட்டர். வடிவம் பெரிதாக ஆக, வீணாகும் துணியும் கூடும் என்பதைக் கடையில் நின்றுகொண்டே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது, அது இப்போது எளிதாகிவிட்டது. திரைத் துணிகள் பல 280 அல்லது 300 செ.மீ. அகலத்தில் நெய்யப்படுகின்றன. 300 செ.மீ. அகலத் துணியைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் அகலத்தையே உயரமாக வைத்துக்கொண்டால், மேலே சொன்ன அதே திரைக்கு ஓர மடிப்பையும் சேர்த்து ஏறத்தாழ 4.6 மீட்டர் வாங்கினால் போதும், நடுவில் ஒட்டுத் தையலே வராது. திரை சுவராக நிற்க வேண்டுமானால் இந்தத் தையல் இல்லாத பரப்பு பெரிய வித்தியாசம் தரும். துணியின் வடிவமும், வெல்வெட் போன்றவற்றில் மேலே நிற்கும் மயிரின் திசையும் பக்கவாட்டில் திரும்பினால் சரியாக இருக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருத்தி, லினன் இரண்டும் முதல் துவைப்பில் சுருங்கும். பின்னால் வீட்டில் துவைக்கப் போகிறீர்கள் என்றால், வெட்டுவதற்கு முன்பே ஒரு முறை துவைத்துக் காயவைத்துத் தையல்காரரிடம் கொடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் எந்தத் திரையும் வேண்டாம்.

சத்தத்துக்கு

கண்ணாடி, டைல்ஸ், வெறும் சுவர் என்று வீடுகள் வழவழப்பாக ஆக ஆக, பேசுவது காதில் கூராக விழுகிறது, நாலு பேர் சேர்ந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரிவதில்லை. துணி இதற்கு நிஜமாகவே உதவும், ஆனால் எப்படித் தொங்கவிடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒலியியல் அட்டவணைகளில் இருக்கும் எண்களையே பாருங்கள்: சதுர மீட்டருக்கு 340 கிராம் எடையுள்ள வெல்வெட்டைச் சுவரோடு ஒட்டி, மடிப்பு இல்லாமல் தொங்கவிட்டால், 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் அது வாங்கிக்கொள்வது 17 சதவீதம்தான். 475 கிராம் வெல்வெட்டை, அதன் அகலம் பாதியாகும் அளவுக்கு மடிப்பு விட்டுத் தொங்கவிட்டால் 75 சதவீதம். எடையும் கூடியிருக்கிறது, உண்மைதான், ஆனால் பெரிய பங்கு மடிப்புக்கும் பின்னால் இருக்கும் காற்றுக்கும்.

அந்தக் காற்று ஏன் முக்கியம்? ஒலி சுவரில் மோதித் திரும்பும்போது, சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு கிட்டத்தட்ட பூஜ்யம். அசைவே இல்லாத இடத்தில் துணியை வைத்தால் இழைகளுக்குள் உரச எதுவும் இல்லை. சுவரிலிருந்து அலைநீளத்தின் கால் பங்கு தள்ளி வந்தால் அங்கே அசைவு அதிகம். 1000 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 8.6 செ.மீ., 500 ஹெர்ட்ஸுக்கு சுமார் 17 செ.மீ. ஆகவே டிராக்கைச் சுவரிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளிப் பொருத்துங்கள். இதற்குக் கூடுதல் செலவே இல்லை, பலனோ காதுக்குத் தெரியும். திரையே மாட்ட முடியாத சுவருக்கு, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து செய்யும் ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த) பலகைகள் 9, 12 மி.மீ. தடிமனில் வருகின்றன. அவற்றையும் நேரே சுவரில் ஒட்டாமல், பின்னால் மெல்லிய மரப்பட்டி அடித்து இடைவெளி விட்டே பொருத்துங்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். துணி அறைக்குள் சுற்றும் ஒலியை அடக்கும். பக்கத்து வீட்டுச் சத்தத்தையோ தெரு ஹாரனையோ தடுக்காது. தடுக்கக் கனம் வேண்டும், ஓட்டை இல்லாத கனம். 'சத்தம் புகாத திரை' என்று யாராவது விற்றால், எந்தச் சத்தம் என்று கேளுங்கள்.

எந்த இழை?

புதிய பொருட்கள் இங்கேதான் குவிந்திருக்கின்றன, குழப்பமும் இங்கேதான். காளான் வேர் இழைகளை விவசாயக் கழிவில் வளரவிட்டு, பிறகு சூடாக்கி உலர்த்திச் செய்யும் ஒலிப் பலகைகளை இத்தாலியின் மோகு நிறுவனம் விற்கிறது. வடிவமைப்பாளர் நட்சாய் ஆட்ரி சீசா, ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியாவைத் துணி மேலேயே வளர்த்து, அது சுரக்கும் நிறமியால் சாயமேற்றுகிறார். வழக்கமான சாயமிடலுக்குத் தேவைப்படும் தண்ணீரில் சிறு பங்கே இதற்குப் போதும். கலைஞர் டயானா ஷெரர் செடியின் வேர்களையே அச்சுக்குள் வளரவிட்டுப் பின்னல் போன்ற பரப்புகளை உருவாக்குகிறார். இவற்றைப் பார்த்து ஆச்சரியப்படுங்கள், பின்தொடருங்கள், ஆனால் தினமும் உட்காரும் சோபாவுக்கு இன்றைக்கு இவை பதில் ஆகாது.

தாவரத் தோல் விஷயத்தில் கவனம் தேவை. அன்னாசி இலை நாரில் செய்யும் பினாடெக்ஸ், சப்பாத்திக்கள்ளி, ஆப்பிள் தோல் என்று நிறைய வந்திருக்கின்றன. விலங்குத் தோல் வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல மாற்றுதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தாவரப் பொருளை ஏதாவது பிளாஸ்டிக்கோடு சேர்த்தோ, மேலே பாலியூரித்தேன் போன்ற பூச்சு கொடுத்தோ செய்பவை. மண்ணில் மக்கிவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். தாவரப் பங்கு எவ்வளவு, பூச்சு எது என்று இரண்டே கேள்வி கேளுங்கள், பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

வீட்டில் இன்றே நடைமுறைப்படுத்தக் கூடிய புதிய சிந்தனை ஒன்று உண்டு: ஒரே இழை. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகவும் கடினம். முழுப் பருத்தி, முழுக் கம்பளி, முழு லினன், ஏன் முழு பாலியஸ்டர் என்றால்கூட அதற்கு அடுத்த வாழ்க்கை உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 ஜனவரி 1 முதல் துணிக் கழிவைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, துணி ஆலைகள் இதைப் பற்றி இன்னும் தீவிரமாக யோசிக்கின்றன. டென்மார்க்கின் குவாட்ராட் நிறுவனத்தின் பங்கோடு நடக்கும் 'ரியலி' என்ற நிறுவனம் தேய்ந்துபோன பருத்தியையும் கம்பளியையும் அழுத்தி மேசைப் பலகையாகவே மாற்றுகிறது. ஸ்டெஃபான் டீஸ் 2021இல் மாஜிஸ் நிறுவனத்துக்கு வடிவமைத்த 'காஸ்ட்யூம்' சோபாவில் உறை உடம்போடு ஒட்டப்படவில்லை, இலாஸ்டிக்கால் மாட்டப்பட்டிருக்கிறது. கழற்றினால் துணி தனி, நுரை தனி, பிளாஸ்டிக் உடல் தனி. புது சோபா வாங்கும்போது இதையே நீங்களும் பாருங்கள். உறையைக் கழற்ற முடியுமா? ஜிப் இருக்கிறதா, அல்லது ஸ்டேப்பிள் அடித்து ஒட்டியிருக்கிறதா? உறை கழற்ற வராத சோபா, துணி கிழிந்த அன்றே முழுசாகக் குப்பைக்குப் போகும் சோபா.

கையில் இருக்கும் துணி எந்த இழை என்று சந்தேகமா? பாவு (நீளவாக்கு) நூலில் நாலு இழை, ஊடு (குறுக்கு) நூலில் நாலு இழை தனித்தனியாக உருவுங்கள், ஏனென்றால் பல துணிகளில் பாவு ஒன்றும் ஊடு வேறொன்றுமாக இருக்கும். இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தொட்டி மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, மெல்லத் தீயைக் காட்டுங்கள். கம்பளியும் பட்டும் தீயைக் கண்டு சுருளும், முடி கருகும் வாசனை வரும், தீயை எடுத்தால் தானே அணையும், கரி விரலில் பொடியும். பருத்தியும் லினனும், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸும் காகிதம் போல் சடசடவென எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகும், ஆறிய பிறகு நுனியில் கடினமான கரு மணி நிற்கும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு. விஸ்கோஸைப் பருத்தியிலிருந்து பிரித்தறிய ஒரு நூலை நனைத்து இழுங்கள்: விஸ்கோஸ் ஈரத்தில் பலவீனமாகி எளிதில் அறும், பருத்தியும் லினனும் ஈரத்தில் இன்னும் உறுதியாகும். இந்த ஒரு சோதனை பளபளப்பான விஸ்கோஸ் வெல்வெட்டைச் சாப்பாட்டு மேசை நாற்காலிக்குப் போடுவதிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

என் கணிப்பில் சோபாவுக்கு இன்னும் கம்பளியை வெல்ல ஆளில்லை. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வு தராது, எளிதில் தீப்பற்றாது, அழுக்கு சட்டென்று உள்ளே இறங்காது. நானா டிட்ஸல் 1965இல் வடிவமைத்த ஹாலிங்டால் என்ற கம்பளி, விஸ்கோஸ் கலந்த துணி இன்றும் நெய்யப்படுகிறது. ஒரே இழை வேண்டும் என்று நான் மேலே சொன்னதற்கு இது விதிவிலக்குதான். அரை நூற்றாண்டு உழைக்கும் துணிக்கு இந்தச் சலுகை தரலாம்.

சீட்டில் இருக்கும் எண்கள்

மாதிரித் துண்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். மார்ட்டின்டேல் என்பது உரசல் சோதனை: துணியைக் கம்பளித் துணியோடு திரும்பத் திரும்பத் தேய்த்து, எத்தனை தேய்ப்பில் நூல் அறுகிறது என்று எண்ணுவார்கள். அலங்காரக் குஷனுக்கு 10,000 போதும், தினமும் உட்காரும் சோபாவுக்கு 25,000க்கு மேல் பாருங்கள், அலுவலகம், உணவகம் போன்ற இடங்களுக்கு 40,000 அளவில். 1,00,000 என்று போட்டிருந்தால் வீட்டுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. அந்த எண்ணுக்காகக் கையில் சொரசொரக்கும் துணியை எடுக்காதீர்கள். உரசலை விடப் பிசிறு உருண்டை கட்டுவதுதான் பல சோபாக்களைச் சீக்கிரம் பழசாக்குகிறது. அதற்கு 1 முதல் 5 வரை ஓர் அளவு உண்டு, 4க்குக் கீழே வேண்டாம்.

ஜன்னல் திரைக்கு வெளிச்சம் தாங்கும் எண் முக்கியம். 1 முதல் 8 வரை போகும் அளவில் 5, நேரடி வெயில் விழுந்தால் 6. வெயில் கொளுத்தும் ஜன்னலுக்குப் பட்டுத் திரை ஆசை வேண்டாம், அது சாயம் மட்டும் போகாமல் இழையே நைந்துபோகும். ஜி.எஸ்.எம். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது; மெல்லிய திரை பொதுவாக 100க்குக் கீழே, சோபா துணி 300க்கு மேலே.

கறை படியாத பூச்சு என்று எழுதியிருந்தால், அதில் ஃப்ளூரின் சேர்மங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் இவை இயற்கையில் எளிதில் சிதையாதவை; கலிஃபோர்னியா 2025 முதல் புதிய துணிப் பொருட்களில் இவற்றைத் தடை செய்துவிட்டது. பூச்சை நம்புவதை விட, கழற்றித் துவைக்க வரும் உறையை நம்பலாம். காற்றைச் சுத்தம் செய்யும் திரை, சூடாகும் துணி, தொட்டால் விளக்கு எரியும் துணி போன்றவை என் வரிசையில் கடைசி. ஐக்கியா 2019இல் கன்ரிட் என்ற ஒரு திரையை அறிவித்தது, தாதுப் பூச்சு வெளிச்சத்தின் உதவியோடு காற்றிலுள்ள மாசுகளைச் சிதைக்கும் என்று. யோசனை நல்லதுதான். வீட்டில் முதலில் ஜன்னலைத் திறப்போம்.

பூக்ளே கேட்பவர்களுக்கு: அதன் அழகே நூல் வளையங்களில்தான் இருக்கிறது, அதன் பலவீனமும் அங்கேதான். மாதிரித் துண்டில் நகத்தை இழுத்துப் பாருங்கள், பையில் இருக்கும் வெல்க்ரோவை ஒரு முறை ஒட்டி உரித்துப் பாருங்கள். வளையம் வெளியே வந்தால், பூனை இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. வளையம் சின்னதாகவும் நெருக்கமாகவும் இருக்கும் வகைகள் தாங்கும்.

இப்போதுதான் நிறம்

தபால் தலை அளவு மாதிரியை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அரை மீட்டராவது வாங்கி வந்து, திரைக்கு என்றால் ஜன்னலில் தொங்கவிட்டும், சோபாவுக்கு என்றால் இருக்கையில் விரித்தும் பாருங்கள். படுத்திருக்கும் துணியும் தொங்கும் துணியும் ஒரே நிறமாகத் தெரியாது. மெல்லிய திரைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தால் அது வேறு துணியாகவே மாறிவிடும். வெல்வெட்டைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு படி கருமையாகும், அதனால் எல்லாத் துண்டுகளையும் மயிர் ஒரே திசையில் இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். இரண்டு துணிகள் பகலில் அச்சாகப் பொருந்தி, இரவு விளக்கில் ஒன்று பச்சையாகவும் ஒன்று பழுப்பாகவும் பிரிந்து நிற்பதும் நடக்கும், சாயங்கள் வேறு வேறாக இருப்பதால். எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். ஹெல்லா யோங்கீரியஸ் 2017இல் லண்டன் டிசைன் மியூசியத்தில் நடத்திய 'ப்ரீதிங் கலர்' கண்காட்சி முழுக்க இதைப் பற்றித்தான்: காலை, மதியம், மாலை என்று ஒரே நிறம் எப்படி வேறு வேறு நிறமாக வாழ்கிறது என்று. நிறம் மாறாமல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், மூன்று வேளையும் உங்களுக்குப் பிடிக்கிற நிறமா என்று மட்டும் பாருங்கள்.

எத்தனை நிறம் சேர்ப்பது என்று திணறினால், எண்ணிக்கையைக் கூட்டாமல் நெசவைக் கூட்டுங்கள். ஒரே மணல் நிறத்தில் கரடுமுரடான லினன் திரை, அடர்ந்த கம்பளி சோபா, உயரமும் தாழ்வுமாக மயிர் வெட்டிய விரிப்பு. ஒவ்வொரு பரப்பும் வெளிச்சத்தை வேறு விதமாகச் சிதறவிடும், அதனால் ஒரே நிறம் மூன்று நிறமாகத் தெரியும், அறையும் சலசலக்காது. விரிப்பு மட்டும் சிறுத்துவிடக் கூடாது. சோபாவின் முன்கால்களாவது அதன் மேல் நிற்க வேண்டும்.

நீங்களே வடிவம் போட்டு அச்சிட

டிஜிட்டல் அச்சு வந்த பிறகு ஒரே ஒரு மீட்டர்கூட உங்கள் சொந்த வடிவத்தில் அச்சிட முடிகிறது. சாயத்தின் வகையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரியாக்டிவ் சாயம் பருத்தி, லினன் போன்றவற்றின் இழையோடு இணைந்துவிடும், ஆவியில் வேகவைத்து அலசுவார்கள், துணி மென்மையாகவே இருக்கும். பிக்மென்ட் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கொஞ்சம் விறைப்பு, அதிகம் உரசும் இடத்தில் வெளுக்கும், ஆனால் வெயிலை நன்றாகத் தாங்கும். ஆக இருக்கைக்கு ரியாக்டிவ், ஜன்னலுக்கு பிக்மென்ட். சூட்டில் சாயத்தை ஆவியாக்கி ஏற்றும் சப்ளிமேஷன் பாலியஸ்டருக்கு மட்டும்தான். திரைக்கு அச்சிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: அச்சு பெரும்பாலும் பின்பக்கம் இறங்காது, அறையைப் பிரிக்கும் திரை இரண்டு பக்கமும் தெரியும். அதற்கு நெய்த வடிவமோ, இரண்டு துணியை முதுகோடு முதுகு வைத்துத் தைப்பதோதான் வழி. முழு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு சின்னத் துண்டை அச்சிட்டு வாங்கி, துவைத்துப் பாருங்கள். கணினித் திரையில் ஒளிரும் நீலம் துணியில் அப்படி வராது.

வெட்டித் தைக்காமல் முழு உறையையே பின்னி எடுக்கும் இயந்திரங்களும் இப்போது நாற்காலி உலகத்துக்கு வந்துவிட்டன. ஜப்பானின் ஷிமா செய்கி 1995இலேயே தையலில்லாத உடையைப் பின்னும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பின்னல் துணி நீளும் என்பதால் வளைந்த நாற்காலிக்கு அருமையாகப் பொருந்தும், வெட்டித் தள்ளும் துண்டும் மிஞ்சாது. அதே காரணத்தால், உட்கார்ந்த இடத்தில் தொய்கிறதா என்று கடையில் முழங்கையால் அழுத்தி, விட்டுப் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு

வாரம் ஒரு முறை மென்மையான பிரஷ் வைத்த வேக்குவத்தால் சோபாவையும் திரையையும் தூசி எடுங்கள், தூசிதான் உப்புத்தாள் மாதிரி இழையை அரைக்கிறது. குஷன்களைத் திருப்பிப் போடுங்கள், இடம் மாற்றிப் போடுங்கள். சின்னக் கிழிசல் வந்தால் மறைக்கப் பாடுபட வேண்டாம்: ஜப்பானின் சாஷிகோ, வங்காளத்தின் காந்தா இரண்டுமே எளிய ஓட்டுத் தையலில் பழைய துணியை அடுக்கிச் சேர்த்து உறுதியாக்கும் முறைகள், அந்தத் தையலைத் துணிச்சலாக வேறு நிற நூலில் போடுவதையும் இன்றைய வடிவமைப்பாளர்கள் விரும்பிச் செய்கிறார்கள். கிழிந்த இடத்துக்குப் பின்னால் அதே எடையுள்ள துணியை வைத்து, கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் வரை தையல் ஓடட்டும், இல்லாவிட்டால் ஒட்டின் விளிம்பிலேயே மறுபடி கிழியும்.

சோபா துணி வாங்கும்போது ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள், அதே சாய எண்ணில், ஏனென்றால் அடுத்த முறை சாயமேற்றும்போது நிறம் நூலளவு மாறியே வரும். அந்த ஒரு மீட்டரை அலமாரிக்குள் பூட்டிவைத்தால் புதுசாகவே இருக்கும், சோபாவோ வெளுத்திருக்கும், ஒட்டுப் போட்டால் தனியாகத் தெரியும். அதனால் அதை மடித்து, ஓரம் தைத்து, அதே சோபாவின் கைப்பிடியில் விரிப்பாகப் போட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே வெயிலில் ஒன்றாக வெளுக்கட்டும்.